இரைச்சல் நின்ற ஆம்ப்ளிஃபயர்

2007-இல் நான் அண்ணாமலை நகரில் எலக்ட்ரானிக்ஸ் மூன்றாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தேன். வகுப்புத் தோழர்கள் நான்கு பேர் ஒரு ராக் பேண்ட் வைத்திருந்தார்கள். ஒயர், பிளக், மைக் எல்லாவற்றையும் பட்டியல் போட்டு எடுத்துப்போவது என் வேலை.

அவர்களுடைய பழைய ஆம்ப்ளிஃபயர், சுவிட்ச் போட்டதுமே 'ம்ம்ம்' என்று இரையும். ஒருநாள் பயிற்சியின்போது, குறிஞ்சிப்பாடிக்காரனான பாடகன் அந்த இரைச்சலோடு சேர்ந்து முனகினான். முனகல் மெட்டானது; மெட்டு, கூடவே இருந்தும் பேசாத ஒருவரைப் பற்றிய பாட்டானது. அதுதான் அவர்களின் முதல் சொந்தப் பாட்டு.

"யாருடா அது?" என்று மற்றவர்கள் குடைந்தார்கள்.

"இந்த ஆம்ப்தான் மச்சான். இதவிட்டா யாரு இருக்கா எனக்கு?"

நானும் கேட்க நினைத்தேன். கேட்கவில்லை.

அந்தப் பாட்டு மேடையேறிய விவரம் என் நோட்டில் இருக்கிறது. முதலில் துறை விழா. மழையில் பாதியில் நின்றது. அடுத்து பாடகனுடைய அக்காவின் கல்யாண வரவேற்பு. "சினிமா பாட்டு ஒண்ணு எடுத்து உடு மாப்ள" என்று ஒரு மாமா மைக்கைப் பிடித்து இழுத்தும், முழுதாகப் பாடி முடித்தான். மூன்றாவது, மஞ்சக்குப்பம் மைதானத்தில் ஒரு போட்டி. ஜெயித்தால் ஸ்டுடியோவில் பாட்டைப் பதிவு செய்து தருவார்கள்.

போட்டிக்கு முந்தைய நாள், யாரிடமும் சொல்லாமல் ஆம்ப்ளிஃபயரைத் திறந்து பழுதான கெப்பாசிட்டரை மாற்றினேன். இரைச்சல் அடியோடு நின்றது. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

அந்தப் பாட்டு அவன் குரலில் தனியாகத்தான் தொடங்கும். மேடையில் அவன் ஆம்ப்ளிஃபயர் பக்கம் தலையைச் சாய்த்தான். மறுபடியும் சாய்த்தான். பிறகு ஏதோ ஒரு சுதியில் எடுத்தான். கிடார் வழக்கமான சுதியில் வந்து சேர, இரண்டும் ஒட்டவேயில்லை. சரணத்தில் குரல் உடைந்து நிறுத்திவிட்டான். கூட்டம் கேலியாக விசிலடித்தது. இத்தனை நாளும் அவன் அந்த இரைச்சலில்தான் சுதி பிடித்திருக்கிறான் என்பது எனக்கு அப்போதுதான் புரிந்தது.

இறங்கி வந்தவன், "ஆம்ப்ப என்னா பண்ண?" என்றான்.

"ரிப்பேர் பண்ணேன்."

"ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல, இன்ஜினியரம்மா?" அவ்வளவுதான். பிறகு உட்கார்ந்து என்னோடு சேர்ந்து ஒயர் சுற்றினான்.

பழைய கெப்பாசிட்டரையே திரும்பப் போட்டுத் தருகிறேன் என்று மறுநாள் சொல்லிப் பார்த்தேன். "வேணாம், உடு" என்றான். அந்தப் பாட்டை அவர்கள் பிறகு பாடவேயில்லை. அடுத்த ஆண்டு ஆளுக்கொரு ஊருக்கு வேலைக்குப் போய்விட்டார்கள்.

இப்போதும் எனக்குக் கருவிகளோடுதான் வேலை. எதைத் திறக்கும் முன்னும் அதைப் பயன்படுத்துகிறவரிடம் பேசிவிடுகிறேன். தெருமுனையில் 'ம்ம்ம்' என்று இரையும் டிரான்ஸ்ஃபார்மரைக் கடக்கும்போது மட்டும் கால் நின்றுவிடுகிறது: சுதி அதேதான், பாடுகிற குரல்தான் பக்கத்தில் இல்லை.