இரும்பைக் கேட்கும் கம்பம்

அன்று எங்கள் தேயிலைத் தோட்டத்து மலையில் இருந்தது நான்கு பேர்தான். கண்டிப் பக்கமிருந்து வந்த ஆராய்ச்சிக்கார மிஸ், கீழே ரோட்டில் வேனுக்குள் பாட்டுக் கேட்டுக்கொண்டிருந்த டிரைவர், என் வீட்டுக்காரர், நான். கவ்வாத்துச் சாமியையும் சேர்த்தால் ஐந்து.

கவ்வாத்துச் சாமிக்குக் கோயில் கிடையாது. தேயிலைச் செடியை வெட்டி மட்டம் செய்கிற கவ்வாத்து தொடங்கும் நாளில், ஆம்பளைகள் கத்தியைச் சாத்தி வைத்துக் கும்பிடும் ஒரு கல். பொம்பளைகள் நாங்கள் அந்தப் பக்கம் போவதில்லை.

மலைக்கடியில் என்ன உலோகம் எங்கே கிடக்கிறது என்று படம் போடத்தான் மிஸ் வந்திருந்தார். தோட்டத்து ஆபீசில் சொல்லி எங்கள் இருவரையும் அன்றன்றே கூலி கிடைக்கும் கைக்காசு வேலைக்கு எடுத்திருந்தார். வீட்டுக்காரர் செடிகளை விலக்கி வழி காட்ட வேண்டும். நான் அளவுக் கயிற்றைப் பிடித்து, பத்து மீட்டருக்கு ஒரு மூங்கில் குச்சி நட வேண்டும். குச்சிக்குக் குச்சி மிஸ் ஓர் அலுமினியக் கம்பத்தை நிறுத்துவார். அதன் உச்சியில் போத்தல் மாதிரி ஒன்று இருந்தது. கழுத்தில் மாட்டிய பெட்டியில் ஓர் எண் விழும். பூமிக்கே ஒரு காந்தம் உண்டாம். அடியில் இரும்பு இருந்தால் அந்தக் காந்தம் கொஞ்சம் கோணும், எண் மாறும்.

மிஸ் வரப்போவது தெரிந்த முந்தின வாரமே எனக்குத் தூக்கம் போய்விட்டது. அந்தக் கல்லுக்குக் கீழ்ச் சரிவில்தான், வீடு கட்ட அரசாங்கம் எங்களுக்குக் கொடுத்த ஏழு பேர்ச் அளவுக் காணி. அத்திவாரம் போட்டு, சுவர் ஜன்னல் மட்டத்தில் நிற்கிறது. அடுத்து கொங்கிரீட்டுக்குக் கம்பி வாங்க வேண்டும். இரும்பு இருக்கிறது என்று படத்தில் விழுந்துவிட்டால் காணியைத் திருப்பிக் கேட்க மாட்டார்களா? கம்பி வாங்குவதை நிறுத்தி வைத்திருந்தேன். வீட்டுக்காரரிடம் சொன்னதற்கு, "ஒனக்கென்ன புள்ள, சுரங்கம் வந்தா நீதான் மொத கங்காணி" என்று சிரித்தார். அவருக்கு எல்லாமே சிரிப்புதான்.

காலையில் ஓடைக்கரையில் தேத்தண்ணி குடிக்கும்போது மிஸ் ஒரு கல்லை உடைத்து என் கையில் வைத்தார். உள்ளே மாதுளை முத்து மாதிரிச் சிவப்புப் புள்ளிகள். கூடை தூக்கி நான் இத்தனை வருஷம் மிதித்து நடந்த கல் அது. இந்த மலை ஒரு காலத்தில் பூமிக்குள்ளே பல மைல் ஆழத்தில், தாங்க முடியாத சூட்டிலும் பாரத்திலும் பிசைந்த மாவாகக் கிடந்ததாம். அந்தச் சூட்டில்தான் இரும்பும் மற்றதும் இடம் மாறி, சில இடத்தில் கூடின, சில இடத்தில் பிரிந்தன. மேலே இருந்ததையெல்லாம் மழை கோடிக்கணக்கான வருஷம் கரைத்ததால் அடியில் கிடந்தது வெளியே வந்தது. மிஸ் சிங்களத்தில் சொல்லச் சொல்ல எனக்கு உடம்பு சிலிர்த்தது. ஏழாம் வகுப்போடு நின்றவள் நான். மழைக்கு மலையே கரையும் என்றால் என் சுவர் எம்மாத்திரம் என்ற பயமும் கூடவே வந்தது.

நான் கயிற்றோடு சற்றுத் தள்ளியே நிற்க, மிஸ் சாமிக் கல்லருகே கம்பத்தை நிறுத்தியதும் எண் ஒரேயடியாக எகிறியது. மிஸ் திரும்பிப் பார்த்தது எங்களைத்தான். இரும்பு எதுவும் கொண்டு வரக்கூடாது என்று முன்பே சொல்லியிருந்தார். வீட்டுக்காரர் கத்தியை வீட்டில் வைத்துவிட்டுக் குச்சியோடு வந்திருந்தார். நான் கொண்டை ஊசியைக்கூடக் கழற்றியிருந்தேன். அப்போதுதான் தாலிக்கொடியில் கை பட்டது. எப்போதும் கிடக்கிற மூன்று ஊக்கு. ஊக்கை மட்டும் கழற்றி வீட்டுக்காரர் கையில் கொடுத்துத் தூரப் போகச் சொன்னேன். எண் எகிறியது அந்த ஊக்கினால்தான் என்று இருக்கட்டுமே என்று சாமியை வேண்டிக்கொண்டேன்.

மறுபடியும் அதே எண்.

வீடு போனது என்றே நினைத்தேன். மிஸ் கல்லைச் சுற்றி அடிக்கு அடி கம்பத்தை நகர்த்தினார். பிறகு சிங்களத்தில் சொன்னார்: "அக்கா, இது மலையின் இரும்பு இல்லை. ஆழத்தில் இருந்தால் எண் தூரத்திலிருந்தே மெதுவாக ஏறும். இது ரெண்டு காலடியில் ஏறி ரெண்டு காலடியில் இறங்குகிறது. யாரோ புதைத்தது."

நான் அதைத் தமிழில் உரக்கச் சொன்னதும் கிட்ட வந்த வீட்டுக்காரர் அப்போது சிரிக்கவில்லை. "கத்தியக்கூடவா அது கேக்கும்?" என்றார் என்னிடம். "தேஞ்ச கவ்வாத்துக் கத்தியக் கண்ட எடத்துல வீசமாட்டோம், புள்ள. சாமி காலடியில பொதைச்சிருவோம். எங்கப்பாரு கத்தி, அவுங்கப்பாரு கத்தி எல்லாம் இங்கதான் கெடக்கு."

நான் அதைச் சிங்களத்தில் சொன்னேன். மிஸ் சட்டென்று இரண்டடி பின்னால் நகர்ந்து செருப்பைக் கழற்றினார். தோண்டிப் பார்க்கவா என்று அவர் கேட்கவே இல்லை. துருப்பிடித்து மண்ணாகிக்கொண்டிருக்கும் அத்தனை கத்தியும் மண்ணுக்குள்ளிருந்து அந்தப் பெட்டியோடு பேசியதை நினைத்து நான் நின்ற இடத்திலிருந்தே கும்பிட்டேன்.

மிச்சக் குச்சிகளையும் நட்டு முடித்தோம். எங்கள் காணியைத் தாண்டும்போது எண் லேசாக, மூச்சு விடுகிற மாதிரி ஏறி இறங்கியது. அதுதான் மலையின் சொந்த இரும்பு என்றார் மிஸ். கல்லுக்குள் கருந்தூளாக, உப்புப் போட்ட மாதிரி சிதறிக் கிடக்கிறதாம். யாரும் தோண்ட வருகிற அளவு இல்லை, ஆனால் படத்தில் அதையும் போட வேண்டும் என்றார். நிச்சயமா என்று மூன்று தரம் கேட்டேன். கடைசியில் அவருக்குத் தெரிந்த தமிழில் சொன்னார்: "வீடு கட்டுங்க அக்கா. அடுத்த தரம் நான் வந்தா, ஒங்க வீட்டுக் கம்பிக்குப் பயந்து சுத்திப் போகணும்."

மறுநாளே கந்தப்பளை டவுனுக்குப் போய் ஹார்ட்வெயார் கடைக்கார நானாவிடம் பன்னிரண்டு கம்பி எடுத்தேன். கைக்காசு அத்தனையும் கொடுத்தாயிற்று. நானாவுக்கு இன்னும் பதினோராயிரத்து நானூறு ரூபாய் பாக்கி.