கணவனை ஐந்து முறை வீழ்த்தியவள்

ரேடார் அறையில் அவளை எல்லோரும் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். போர் விமானிகளுக்கு எதிரி எந்தத் திசையில், எவ்வளவு தூரத்தில் என்று காதுக்குள் சொல்லிக்கொண்டே இருப்பது அவள் வேலை. பதினோரு வருடமாகச் சொல்கிறாள். விமானம் ஓட்டியதில்லை, மொட்டைமாடியில் துணி காயப்போட்டாலே தலை சுற்றும்.

கணவன் அதே தளத்தில் விமானி. பட்டப்பெயர் பம்பரம். கிட்டத்துச் சண்டையில், பின்னால் துரத்தி வருபவன் கண் மூடித் திறப்பதற்குள் விமானத்தைச் சுழற்றி அவன் முதுகுக்குப் பின்னால் போய் நிற்பான். அப்படித் திரும்பும்போது உடம்பின் எடை எட்டு மடங்காகும். அதனால் கழுத்தெலும்பு தேய்ந்துவிட்டது. வீட்டில் யாராவது கூப்பிட்டால் முழு உடம்போடுதான் திரும்புவான்.

அந்த வருடப் போர்ப்பயிற்சியில் அவன் எதிரணி. முதல் நாள் அவன் மேலே ஏறி மூச்சு விடுவதற்குள், அறுபது கிலோமீட்டர் தள்ளியிருந்த தன் விமானிக்கு அவள் திசை சொன்னாள். கம்ப்யூட்டர் கணக்கில் ஏவுகணை பாய்ந்தது. "பம்பரம் அவுட்!" என்றது ஒலிபெருக்கி. ஐந்து நாளில் ஐந்து தடவை. சுட்டவனை அவன் ஒருமுறைகூடக் கண்ணால் பார்க்கவில்லை.

சாப்பிடும்போது உம்மென்று இருந்தான்.

"ஒளிஞ்சு நின்னு கல்லெறியறது ஒரு சண்டையா?"

"பட்டுச்சா இல்லையா? அதச் சொல்லுங்க."

"தைரியமிருந்தா கிட்ட வரச் சொல்லு, உன் ஆளுங்கள."

"எதுக்கு? கிட்ட போனா என்ன ஆகும்னு உங்க கழுத்தப் பாத்தாலே தெரியுதே."

சிரிப்பான் என்றுதான் சொன்னாள். அவன் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்து போய்விட்டான். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம் என்று நொந்துகொண்டாள்.

அடுத்த வாரம் ஒரு காலை, திரையில் அடையாளம் தெரியாத புள்ளி ஒன்று எல்லையைத் தாண்டி நகரத்தை நோக்கி வந்தது. ரேடியோவில் கூப்பிட்டால் பதிலில்லை. காவல்பணியில் இருந்த இரண்டு விமானங்கள் கிளம்பின. ஒன்றில் பம்பரம்.

"குறி கிடைச்சிருச்சு. எழுபது கிலோமீட்டர். சுடலாமா?" இன்னொரு விமானியின் குரல்.

பின்னால் நின்ற அதிகாரி அவளிடம் குனிந்தார். "அது எதிரியா? என்னம்மா நினைக்கிறே?"

பயிற்சியில் எந்தப் புள்ளி யாருடையது என்று அவளுக்கு முன்கூட்டியே தெரியும். இது யார்? வேகமும் குறைவு; வழி தெரியாத ஆள் போலத் தடுமாறி வந்தது.

"தெரியல சார். கிட்ட போய்ப் பாக்கணும்."

"போறவன அது சுட்டா?"

அவள் மைக் திறந்தே இருந்தது. கேட்காமலே ரேடியோவில் பதில் வந்தது: "நான் போறேன்." அவள் கணவன் குரல்.

இருபது, பத்து, ஐந்து, இரண்டு. ஒவ்வொரு கிலோமீட்டரையும் அவளே சொன்னாள். திரையில் இரண்டு புள்ளிகளும் ஒன்றாயின. பிறகு அவன் குரல் வந்தது.

"நாலு சீட்டு குட்டி விமானம். ஓட்டறவர் சட்டையக் கழட்டி ஆட்டறாரு. பின்னால ஒரு குழந்தை."

அவ்வளவு மெதுவாகப் போர் விமானம் பறக்காது. மூக்கைத் தூக்கி, விழுந்துவிடாத விளிம்பில் பிடித்து, மறுபடி மறுபடி வட்டமடித்து வந்து, பின்னால் வரச்சொல்லி இறக்கையை ஆட்டிக் காட்டி, ஓடுபாதைவரை கூட்டி வந்தான். அப்படிப் பிடிக்கத் தளத்தில் அவன் ஒருவனால்தான் முடியும். குட்டி விமானத்தில் மின்சாரம் போய் ரேடியோவும் வழிகாட்டும் கருவியும் செத்திருந்தன.

பணி முடிந்ததும் அவள் ஓடுபாதைக்கு நடந்தாள். குழந்தை குட்டி விமானத்தின் சக்கரத்தடியில் உட்கார்ந்து பிஸ்கட் தின்றுகொண்டிருந்தது. மூன்று வயதுகூட இருக்காது. அவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

பம்பரம் வந்து பக்கத்தில் உட்கார்ந்தான்.

"அந்தத் தூரத்துல சுட்டிருந்தா தப்பாம பட்டிருக்கும்," என்றான்.

"ஆமா," என்றாள். "அதான் கை நடுங்குது."

அவன் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டான். குழந்தை அவளிடம் ஒரு பிஸ்கட்டை நீட்டியது.