ஆறு வாளித் தண்ணீர்

அந்த வருடம் மழை எங்களை நன்றாக ஏமாற்றியது. ஸ்பிரிங்வெளிப் பக்கம் தேயிலைத் தோட்டத்தில், எங்கள் லயத்து வீடுகளுக்கெல்லாம் பொதுவான பீலிக் குழாயில் தண்ணீர் நூலாக வடிந்தது. பள்ளிக்கூடத்தில் காலநிலை மாற்றம் படிப்பிக்கிற நான் வீட்டிலும் சட்டம் போட்டேன். ஒரு நாளைக்கு ஆறு வாளி, அதற்கு மேல் ஒரு சொட்டும் கிடையாது. லயத்து ஆண்கள் சிரித்தார்கள். தண்ணீரை மிச்சம் பிடிப்பது பொம்பளைகள் பாடு, மாஸ்டருக்கு ஏன் இந்த வேலை என்றார்கள். அவர்களைவிட நான் ஒரு படி மேல் என்று எனக்குத் தலைக்கனம் ஏறியது. அந்த ஆறு வாளியையும் சுமந்தவள் என் மனைவி. அது எனக்கு உறைக்கவே இல்லை.

அவள் கொழுந்து எடுப்பவள். ஒரு நாள் மலையிலேயே மயங்கி விழுந்துவிட்டாள் என்று என்னைத் தேடி ஆள் வந்தது. பதுளை ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். காய்ச்சலில் அவள் உடம்பு கொதித்தது. கிருமி சிறுநீரகம் வரை போய்விட்டது, இன்னும் இரண்டு நாள் விட்டிருந்தால் ஆளே மிஞ்சியிருக்க மாட்டாள் என்றார் டொக்டர். ஒரு நாளைக்கு எவ்வளவு தண்ணீர் குடிப்பாள் என்று என்னிடம் கேட்டார். அவளோடு பதினான்கு வருடம் வாழ்ந்தவனுக்குப் பதில் தெரியவில்லை.

அவளே சொன்னாள். "காலையில ஒரு கோப்பை தேத்தண்ணி. அப்புறம் வேலை விட்டு வந்துதான். மலையில ஒதுங்க இடமில்லைங்க. வீட்லயும் ஆறு வாளி எல்லாருக்கும் பத்தணும்ல."

எங்கள் வீட்டில் மிச்சப்பட்டது அவள் குடிக்காத தண்ணீர். அதைத்தான் ஊரெல்லாம் சொல்லிப் பெருமையடித்திருக்கிறேன், வெட்கங்கெட்டவன். ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று கேட்டேன். இதில் சொல்ல என்ன இருக்கிறது, மலையில் எல்லாரும் அப்படித்தான் என்றாள். பக்கத்துக் கட்டிலில் கிடந்த பெண்ணும் ஆமாங்க என்று தலையாட்டினாள்.

வீட்டுக்கு வந்ததும் மகளைக் கூப்பிட்டேன். எட்டாம் வகுப்பு படிக்கிறாள். இனிமேல் வாளியைப் பார்க்காதே, தாகம் எடுத்தால் குடி என்றேன். சரி, ஸ்கூல் விட்டு வந்த பிறகு குடிக்கிறேன் என்றாள். ஸ்கூலில் குடித்தால் என்ன என்று கேட்டேன்.

"அங்க கக்கூசுல தண்ணி இல்லப்பா. பொம்பளப் பிள்ளைங்க யாரும் குடிக்கிறதில்ல."

அது நான் படிப்பிக்கும் பள்ளிக்கூடம். பையன்கள் வேலிக்குப் பின்னால் போய்வருவதைத் தினமும் பார்த்திருக்கிறேன். பெண் பிள்ளைகள் எங்கே போவார்கள் என்று ஒரு நாளும் நினைத்ததில்லை.