என் கணவருக்கு எதிராகச் சாட்சி சொன்ன டொக்டருக்காக ஜெபித்தேன்

கர்த்தருக்குள் அன்பானவர்களே, என் கணவருக்குத் தூக்கு என்று நீதிபதி சொன்னபோது நான் நீதிமன்றத்தின் கடைசி வரிசை வாங்கில் இருந்தேன். நீதிபதி இங்கிலீசில் சொன்னார். நீதிமன்றத்தில் மொழிபெயர்க்கும் முதலியார் அதைத் தமிழில் திருப்பிச் சொல்லும் வரைக்கும் எனக்கு விளங்கவில்லை. விளங்கியபோது எழும்பப் பார்த்து விழப்போனேன். யாரோ இரண்டு பெண்கள் என்னைத் தூக்கிப் பிடித்தார்கள். கூண்டுக்குள் நின்ற என் கணவர் ஞானமுத்து என்னைத் திரும்பிப் பார்த்தார். அந்த முகத்தை இன்றைக்கும் என்னால் விவரிக்க முடியாது.

அது அறுபதுகளின் நடுப்பகுதி. நாங்கள் பாலையூற்றில் குடியிருந்தோம். அவருக்குத் திருகோணமலைத் துறைமுகத்தில் மூட்டை இறக்கும் வேலை. அவருடைய கூட்டத்துக்குக் கந்தப்பர் என்பவர் கங்காணி. ஞாயிற்றுக்கிழமையும் வேலைக்கு வர வேண்டும் என்று கந்தப்பர் கட்டாயப்படுத்தினார். ஞாயிறு ஆராதனை நாள், வரமாட்டேன் என்று இவர் நின்றார். ஒரு வெள்ளிக்கிழமை எல்லாருக்கும் முன்னால் கந்தப்பர் இவரை வேலையை விட்டு நிறுத்திவிட்டார். இவருக்கும் ஆத்திரம். "ஒருநாளைக்கு உன்னைக் கடலிலை தாட்டுப்போடுவன் பார்!" என்று கத்திவிட்டு வந்தார். இறங்குதுறையில் நின்ற அத்தனை பேரும் கேட்டார்கள்.

மூன்றாம் நாள் கந்தப்பரின் உடல் இறங்குதுறைக்குக் கீழே மிதந்தது. மண்டை உடைந்திருந்தது.

அன்று மத்தியானமே பொலிஸ் ஜீப் எங்கள் படலை வாசலில் வந்து நின்றது. அவர் சோற்றில் கை வைத்திருந்தார். கழுவவும் விடவில்லை.

வழக்கில் அவர் அடித்ததைப் பார்த்தவர் ஒருவருமில்லை. அந்த வார்த்தையைக் கேட்டவர்கள் வந்து சொன்னார்கள். அதற்குப் பிறகு பிரேத பரிசோதனை செய்த டொக்டர் வந்தார். இளம் வயது, வெள்ளைக் கால்சட்டை, தடுமாறாத குரல். கந்தப்பர் தண்ணீரில் மூழ்கிச் சாகவில்லை, உயிரோடு இருக்கும்போதே தலையில் பலமாக அடிபட்டிருக்கிறது, உடலைப் பிறகுதான் கடலில் போட்டிருக்கிறார்கள் என்று அவர் சொன்னார். ஜூரிமார் எல்லாரும் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். என் கணவர் அந்த இரண்டு நாளும் காய்ச்சலோடு வீட்டில் படுத்திருந்தார் என்று நானும் கூண்டில் ஏறிச் சொன்னேன். பெண்சாதி வேறு எதைச் சொல்வாள் என்று அரசாங்க வக்கீல் கேட்டார். சிலர் சிரித்தார்கள். கந்தப்பரின் மனைவி பார்வதி அக்கா மட்டும் சிரிக்கவில்லை. முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தா.

தீர்ப்புக்குப் பிறகு என் கணவரைக் கொழும்புச் சிறைக்குக் கொண்டுபோனார்கள். எங்கள் வக்கீலான பிரக்கிராசி ஐயா மேன்முறையீடு எழுதினார். ஆனால் டொக்டரின் சாட்சியை உடைக்க ஒன்றும் இல்லை, பெரிதாக நம்ப வேண்டாம் என்று என்னிடம் ஒளிக்காமல் சொன்னார்.

அதன் பிறகு நான் அனுபவித்த பயத்தை எப்படிச் சொல்வேன்! தபால்காரரின் சைக்கிள் மணி கேட்டால் குசினிக்குள் ஓடி ஒளிந்துகொள்வேன். கயிற்றுக் கொடியில் துணி போட முடியவில்லை. அந்தக் கயிற்றை அவிழ்த்து எறிந்துவிட்டு வேலியில் துணி காயப்போட்டேன். ஜெபிக்க முழங்காலில் நின்றால் வாய் உலர்ந்துவிடும். "ஆண்டவரே" என்பதற்கு மேல் ஒரு சொல் வராது.

கொழும்புக்குப் போய் ஒருதரம் அவரைக் கண்டேன். கம்பிக்கு அப்பால் நின்றார். மெலிந்து போயிருந்தார்.

"சாப்பிடுறீங்களோ?" என்று கேட்டேன்.

"ஓம். நல்லாத்தான் தாறாங்கள். காவல்காரரும் அன்பாய்க் கதைக்கினம்." கம்பியைப் பிடித்துக்கொண்டு, "சாகப்போறவனோடை கதைக்கிற மாதிரி. அதுதான் எனக்குப் பயமாக் கிடக்கு, ராசமணி" என்றார்.

ரயிலில் திரும்பி வரும்போது வழியெல்லாம் அந்தச் சொல்தான் காதில் கேட்டது.

எங்கள் சபையில் எஸ்தர் அக்கா என்று ஒருவர். தையல் வேலை செய்து பிழைக்கிறவர். அவர்தான் ஒவ்வொரு நாளும் வந்து என்னோடு முழங்காலில் நிற்பார். ஒருநாள் அவர் சொன்னார்: "ராசமணி, அந்த டொக்டருக்காகவும் ஜெபிப்பம்."

எனக்குக் கோபம் வந்தது. "அந்த மனுசனுக்கோ? அவர்தானே அக்கா என்ரை மனுசனைக் கொல்லுறார்!"

"அதுக்குத்தான் சொல்லுறன். அவரின்ரை வாயாலைதானே உன்ரை மனுசன் உள்ளுக்குப் போனவர். அந்த வாயைத் திருப்பக் கர்த்தராலை ஏலாதோ?"

அன்று என்னால் முடியவில்லை. அவர் மட்டும் ஜெபித்தார். பிறகு ஒரு விடியற்காலை, வேறு ஒரு வழியும் தெரியாமல், நானே சொன்னேன். "ஆண்டவரே, அந்த டொக்டர் ஐயாவுக்கு உண்மையைக் காட்டும்." அவ்வளவுதான். அதற்குப் பிறகு தினமும் அதையே சொன்னேன். நம்பிக்கை பெருகிச் சொன்னேன் என்று பொய் சொல்லமாட்டேன். பயத்தில்தான் சொன்னேன்.

மேன்முறையீடு விசாரணைக்கு வர இருந்த நேரம் பிரக்கிராசி ஐயா ஆள் அனுப்பி என்னைக் கூப்பிட்டார். ஏதோ கெட்ட செய்தி என்று நினைத்துக்கொண்டு போனேன். உள்ளே கதிரையில் அந்த டொக்டர் இருந்தார். என்னைக் கண்டதும் எழும்பி நின்றார். அவருடைய கண்கள் குழி விழுந்திருந்தன.

"அம்மா, நான் கோட்டிலை பிழையாச் சொல்லிப்போட்டன்" என்றார்.

நான் பிரக்கிராசி ஐயாவைப் பார்த்தேன்; கேள் என்று சைகை காட்டினார்.

அவர் தெற்கே வேறொரு துறைமுக ஊருக்கு மாற்றலாகிப் போயிருந்தார். அங்கே படகிலிருந்து ஒரு ஆள் தவறி விழுந்து, ஊரே பார்த்திருக்க மூழ்கிப் போனாராம். அவரை ஒருவரும் அடிக்கவில்லை. ஆனால் உடல் மிதந்தபோது மண்டை உடைந்திருந்தது. கரையில் கட்டியிருந்த சரக்குப் படகு அலையில் ஆடி ஆடி உடலைக் கல்லோடு மோதியிருக்கிறது.

"அதே காயம், அம்மா. அதே இடம். பாத்தவுடனை எனக்குக் கந்தப்பர்தான் ஞாபகத்துக்கு வந்தார். கந்தப்பரின்ரை உடம்பு பழுதாப் போயிருந்தது. மண்டையைக் கண்ட உடனை அதுதான் காரணமெண்டு முடிவெடுத்திட்டன். நெஞ்சை வடிவாத் திறந்து பாக்கேல்லை. மூழ்கிச் செத்தவரோ இல்லையோ எண்டு சொல்ல எனக்கு ஏலாது. ஏலாததை அடிச்சுச் சொல்லிப்போட்டன்."

"இதைக் கோட்டிலை சொல்லுவீங்களோ, ஐயா?"

"சொல்லத்தான் வந்தனான். வேலை போனாலும் சொல்லுவன்."

அந்த இடத்திலேயே நான் தரையில் உட்கார்ந்து அழுதேன். ஆனாலும் பயம் போகவில்லை. நீதிபதிமார் இதைக் கேட்பார்களா? இவர் கடைசி நேரத்தில் பின்வாங்கிவிடுவாரா?

கொழும்பில் மூன்று நீதிபதிகள். எல்லாம் இங்கிலீசு. டொக்டர் கூண்டில் ஏறினார். அரசாங்க வக்கீல் அவரைப் போட்டு உலுப்பினார். எத்தனையோ தரம் அவர் தலை குனிந்தது. எனக்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை. எஸ்தர் அக்காவின் கையை இறுக்கிப் பிடித்திருந்தேன். பிறகு பார்த்தால் என் நகம் பதிந்து அவர் கையில் இரத்தம் கசிந்திருந்தது. அவர் கையை இழுக்கவேயில்லை.

நீதிபதிமார் உள்ளே போய்த் திரும்பி வந்தார்கள். நடுவில் இருந்தவர் தாழ்ந்த குரலில் ஏதோ சொன்னார். பிரக்கிராசி ஐயா என் பக்கம் குனிந்தார்.

"தீர்ப்பைத் தள்ளியாச்சு. சந்தேகத்திலை ஒருத்தரைத் தூக்கிலை போட ஏலாது எண்டு சொல்லிப்போட்டினம். உங்கடை மனுசனைக் கூட்டிக்கொண்டு போங்கோ."

அவர் வீட்டுக்கு வந்தார். ஆனால் ஊரில் எல்லாரும் நம்பினார்கள் என்று சொல்லமாட்டேன். சிலர் எங்களைக் கண்டால் மற்றப் பக்கம் திரும்பிப் போனார்கள். கந்தப்பர் எப்படி விழுந்தார் என்பது இன்று வரைக்கும் ஒருவருக்கும் தெரியாது.

ஒருநாள் பின்னேரம் பார்வதி அக்கா தனியாக வந்து எங்கள் படலையில் நின்றா. என் கணவர் முற்றத்துக்கு இறங்கிப் போனார்.

"தம்பி, உம்முடைய கடவுள் மேலை ஆணையாச் சொல்லும். நீர் செய்தனீரோ?"

"இல்லை அக்கா. வாயாலை சொன்னனான். கையாலை செய்யேல்லை. அந்த வாய்க்கு என்னை மன்னியுங்கோ."

அக்கா அவர் முகத்தை வெகு நேரம் பார்த்தா. பிறகு உள்ளே வந்து கதிரையில் இருந்து, தண்ணீர் தரச் சொன்னா. குடித்துவிட்டு எழும்பிப் போனா. புருசனைக் கொன்றவன் வீட்டில் ஒருத்தியும் தண்ணீர் குடிக்கமாட்டாள்; அந்தத் தண்ணீரை அவ குடித்தது எங்களுக்கு இரண்டாவது விடுதலை.

அன்றிலிருந்து நாங்கள் இருவரும் சிறையில் இருப்பவர்களின் வீடுகளுக்குப் போய் வருகிறோம். அவர்கள் குற்றவாளிகளா இல்லையா என்று நாங்கள் கேட்பதில்லை. பக்கத்தில் இருந்து ஜெபித்துவிட்டு வருகிறோம்.

இதை வாசிக்கும் சகோதரியே, உன் நாக்கு உலர்ந்து, ஆண்டவரே என்ற ஒரு சொல் மட்டும் வருகிறதா? அந்த ஒரு சொல்லைச் சொல்லு. உனக்கு விரோதமாய் நிற்கிறவரின் பெயரையும் அதோடு சேர்த்துச் சொல்லு. பயம் தெளிந்த பிறகு ஜெபிக்கலாம் என்று காத்திருக்காதே. நான் நடுங்கிக்கொண்டுதான் கேட்டேன். ஆண்டவர் எனக்குச் செவி கொடுத்தார். அவருக்கே நன்றி.