அம்மா மண்டபத்தில் ஒன்பது பேர்

கலைமதி அக்காவுக்கு 'போ' என்ற எழுத்துதான் எமன். பேச ஆரம்பித்தால் எல்லாச் சொல்லும் கொஞ்சம் இழுக்கும். 'போ' வந்தால் அங்கேயே நின்றுவிடும். 'போயிட்டு வாங்க' என்று சொல்ல வாயெடுத்தால் 'போ... போ... போ...' என்பதோடு சரி. வாசலில் நிற்கிற விருந்தாளியை விரட்டுகிற மாதிரி இருக்கும். இருபத்து நாலு வயதில், லால்குடியிலிருந்து பெண் பார்க்க வந்தவர்களை அப்படித்தான் வழியனுப்பினாளாம். மாப்பிள்ளையின் தாயார் செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் படியிறங்கிப் போனாராம். அதற்கப்புறம் யார் வந்தாலும் அக்கா உள்ளறையை விட்டு வெளியே வரவில்லை.

இதை அவள் என்னிடம் வாயால் சொல்லவில்லை, எழுதினாள். எழுத்தில் அவளை யாரும் ஜெயிக்க முடியாது. ஸ்ரீரங்கத்தில் பத்திரம் எழுதுகிற ஒருவரின் ஆபீசில் இருபது வருஷமாக டைப்பிஸ்ட். சொத்தில் எவ்வித வில்லங்கமும் இல்லை என்று தினமும் அடித்து அடித்துப் பழகிய விரல்கள். சாயங்காலம் தம்பி வீட்டு மாடியறைக்கு வந்ததும் அதே விரல்கள் வெல்மோராவுக்குள் போய்விடும்.

வெல்மோரா என்பது இன்டர்நெட்டில் உலகம் முழுக்க ஆட்கள் சேர்ந்து ஆடுகிற கேம். ஆளுக்கொரு வேஷம் கட்டிக்கொண்டு, கூட்டமாக அரக்கர்களை அடிக்க வேண்டும். அந்தக் கூட்டத்துக்குப் பேர் கில்ட். அடிபட்டவர்களுக்கு மருந்து போடுகிற வைத்தியச்சி வேஷம் அக்காவுக்கு. எங்கள் கில்டுக்குத் தலைவியும் அவள்தான். கில்டுக்கென்று கேமுக்குள் ஒரு மண்டபம் தருவார்கள். அதற்கு அக்கா 'அம்மா மண்டபம்' என்று பேர் வைத்தாள். காவிரிக்கரையில் திதி கொடுக்கிற படித்துறையின் பேரையா வைப்பது என்று நாங்கள் கிண்டல் செய்தோம். பேர் வைத்த நேரமோ என்னவோ.

நல்ல காலத்தில் அறுபத்து நாலு பேர் இருந்தோம். உறையூரிலிருந்து நான், பாலக்கரையிலிருந்து ஹாலித், இன்னும் எங்கெங்கிருந்தோ தமிழ் எழுதத் தெரிந்தவர்கள். அரக்கனை அடித்தது பாதி நேரம், அரட்டை அடித்தது மீதி நேரம். அக்காதான் அங்கே வாயாடி. நாம் ஒரு வரி எழுதுவதற்குள் அவள் நாலு வரி எழுதி, நம் காலை வாரி, சமாதானமும் செய்துவிடுவாள். ஒரு முறை சத்திரம் பஸ் ஸ்டாண்டு பக்கத்து ஓட்டலில் பதினோரு பேர் நேரில் சந்தித்தோம். அக்கா எதிரே உட்கார்ந்து சிரித்துக்கொண்டே எங்களுக்குப் போனில் மெசேஜ் அனுப்பிக்கொண்டிருந்தாள். நாங்களும் தலையைக் குனிந்து போனிலேயே பதில் எழுதினோம். காபி கொண்டுவந்தவர் தலையில் அடித்துக்கொள்ளாத குறை.

அக்கா போட்ட சட்டம் ஒன்றே ஒன்று. யாரும் சொல்லாமல் வெளியேறக் கூடாது. 'போயிட்டு வரேன்' என்று எழுதிவிட்டுத்தான் போக வேண்டும். ஒவ்வொருவருக்கும் அவள் 'போயிட்டு வாங்க' என்று பதில் எழுதுவாள். அதை எழுதுவதற்காகவே எல்லாருக்கும் கடைசியில் கிளம்புவாள்.

அந்தச் சட்டத்தில்தான் வினை. நம் ஊரில் எவன் 'போறேன்' என்று சொல்கிறான்? ஒரேயடியாகப் போகிறவனும் போயிட்டு வரேன் என்றுதான் சொல்வான். ஷார்ஜாவுக்கு வேலைக்குப் போன ஹாலித் அதைத்தான் எழுதினான். பரீட்சைக்குப் போனவன், கல்யாணமாகிப் போனவள், வேறு கேம் கிடைத்துப் போனவன், எல்லாரும் அதையே எழுதினார்கள். அக்கா ஒருத்தர் பேரையும் பட்டியலிலிருந்து எடுக்கவில்லை. வெல்மோராவில் ஆள் குறைகிறதா என்று ஊரெல்லாம் வாதம் நடந்தது. கம்பெனிக்காரன் குறையவில்லை என்றான். முன்பு சந்தைத் திடலில் ஆளை ஆள் இடித்துக்கொண்டு நிற்பார்கள், இப்போது கடைக்காரப் பொம்மை மட்டும் கையாட்டுகிறதே என்று நான் எழுதினால், "வெளியூர் போயிருக்காங்க ரெங்கா, வருவாங்க" என்று எழுதுவாள். கம்பெனிக்காரனாவது பொய் என்று தெரிந்து சொன்னான்.

பிறகு நானும் போனேன். மெடிக்கல் ரெப் வேலை, கல்யாணம், குழந்தை. போகும்போது என்ன எழுதினேன் என்று சொல்ல வேண்டியதில்லை.

போன தை மாதம் கேமில் புது விதி வந்தது. ஒரு மாதத்தில் பத்துப் பேராவது உள்ளே வந்து போகாத கில்டைக் கலைத்துவிடுவார்கள். மண்டபமும் போகும், அங்கே எழுதிய பேச்செல்லாம் போகும். அக்கா எல்லாருக்கும் வாட்ஸ்அப்பில் எழுதினாள். அங்கேயே பேசிக்கொள்ளலாமே என்று கேட்பீர்கள். அங்கே எங்களுக்கு ஒரு குரூப் உண்டு. காலை வணக்கம் என்று பூப்படம் வரும், அவ்வளவுதான். சேர்ந்து ஒன்றைச் செய்யும்போது வருகிற பேச்சு, பூப்படத்துக்கு வருமா?

அக்காவையும் சேர்த்து ஒன்பது பேர் தேறினார்கள். மாதக் கடைசி நாள் மத்தியானம் எனக்கு எழுதினாள்: "நீதான் பத்தாவது. இன்னிக்கு வருவியா, இல்ல ஹாலித் தங்கச்சி அஃபீஃபாவப் புதுசா சேத்துக்கட்டுமா? அவ ரெடியா இருக்கா." நான் சமயபுரத்தில் மகளின் காதுகுத்தில் நின்றுகொண்டிருந்தேன். "வீட்டுக்குப் போயிட்டு வரேன்க்கா" என்று பதில் போட்டேன். அவள் அதை நம்பினாள். அஃபீஃபாவிடம் வேண்டாம் என்று சொல்லிவிட்டாள்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்து லேப்டாப்பைத் திறந்தேன், அதில் பொய்யில்லை. கேம் அப்டேட் கேட்டது. இரண்டு மணி நேரம் ஆகும் என்று காட்டியது. விருந்துச் சாப்பாடும் அலைச்சலும் சேர, சற்றுக் கண்ணசரலாம் என்று படுத்தேன். எழுந்தபோது விடிந்திருந்தது, ஒன்றாம் தேதி. உள்ளே போய்ப் பார்த்தால் அம்மா மண்டபம் இருந்த இடத்தில் வெறும் புல்தரை. என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது.

திங்கட்கிழமை அவள் ஆபீசுக்குப் போனேன். அக்கா ஒரு கிரயப் பத்திரம் அடித்துக்கொண்டிருந்தாள். மன்னிப்புக் கேட்டேன். டீ வரவழைத்துக் கொடுத்தாள். வேறு கில்ட் ஆரம்பிக்கலாம், ஆள் பிடித்துத் தருகிறேன் என்று என்னென்னவோ உளறினேன். என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தவள், ரொம்ப நேரம் முயன்று, ஒரு வாக்கியம் பேசினாள்.

"நா... நான் இனிமே எ... எங்க பேசுறது, ரெங்கா?"

டீ கிளாசை வைத்துவிட்டு எழுந்தேன். நாக்குக்குப் பழகிய பழக்கம், யோசிக்காமல் வந்துவிட்டது.

"போயிட்டு வரேன்க்கா."

அக்கா கீபோர்டிலிருந்து தலையை நிமிர்த்தினாள்.

"போ" என்றாள்.

அடுத்த 'போ' வரும், அதற்கடுத்ததும் வரும் என்று நான் வாசலிலேயே நின்றேன். அப்படி நிற்பவர்கள் முகத்தைப் பார்த்து அவள் உதடு துடிக்கும். அன்றைக்குத் துடிக்கவில்லை. அவள் திரும்பிப் பத்திரத்தை அடிக்க ஆரம்பித்திருந்தாள். ஒரே ஒரு தடவைதான் சொன்னாள். திக்கவில்லை.