பட்டினி கிடந்த வாக்கிங் பார்ட்டி

மேற்குத் தாம்பரத்தில் கலர் மீன் கடை போட்ட புதிதில், கோரி கெளுத்தியை விற்க என்னிடம் ஒரே வசனம்தான் இருந்தது.

"இது கிளீனர் மீனு சார். அடியில கிடக்குற குப்பையெல்லாம் தின்னுடும்."

எனக்கு இதைச் சொன்னவர் மீன் சப்ளை செய்தவர். அவருக்கு யார் சொன்னார்களோ. நான் அதுவரை பஞ்சர் ஒட்டிக்கொண்டிருந்தவன். அந்தத் தொழிலிலும் தண்ணீர்த் தொட்டி உண்டு, மீன்தான் இருக்காது. சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

அஸ்தினாபுரத்தில் ஒரு டீச்சர் வாடிக்கை. அவர் வீட்டுக்காரர் முட்டி ஆபரேஷன் செய்துகொண்டு, நாள் முழுக்க சோபாவிலேயே இருந்தார். அவர் பொழுதுபோக்குக்கு ஒரு தொட்டி வைத்துக் கொடுத்தேன். மேலே நீந்த மாலி மீன்கள், அடியில் ஆறு கோரி. கட்டைவிரல் நீளத்தில் மீசை வைத்த சாதுக்கள். கூட்டமாக மணலைக் கிளறிக்கொண்டே போகும். சார் அவற்றுக்கு 'வாக்கிங் பார்ட்டி' என்று பேரே வைத்துவிட்டார்.

மூன்றாவது வாரம் டீச்சர் போன் செய்தார்.

"உடனே வாங்க. ஒண்ணு போயிடுச்சு. மிச்சம் அஞ்சும் மூலையில படுத்துக் கிடக்கு. இவர் காலையிலேருந்து காபிகூட குடிக்கல."

ஓடினேன். நான் மூன்றாம் வகுப்போடு நின்றவன். டீச்சர் யாராவது கேள்வி கேட்டால் இன்றைக்கும் கை தானாகக் கட்டிக்கொள்ளும். தொட்டியைப் பார்த்தேன், கண்ணாடி மாதிரி சுத்தம். கோரிகளுக்கோ வயிறு ஒட்டிப்போயிருந்தது.

"தொட்டிய எப்ப டீச்சர் கழுவுறீங்க?"

"வெள்ளிக்கிழமை வீடு கழுவுறப்ப. மணலையும் அலசி, வெயில்ல காய வெச்சிடுவேன்."

"அடி மீனுக்குத் தீனி?"

"அதுக்கு எதுக்கு? குப்பைய தின்னுக்கும்னு நீங்கதானே சொன்னீங்க?"

சோபாவிலிருந்து சார் குரல் வந்தது. "குப்பைய இவ விட்டு வைக்கறதில்ல. மேல போடுற தீனிய மாலி விட்டு வைக்கறதில்ல. அப்ப என் பசங்க என்னத்தய்யா தின்னும்?"

டீச்சர் என்னைத் திரும்பிப் பார்த்தார். "தப்பு யாரோடது?"

"என்னுதுதான் டீச்சர்."

கடைக்குப் போய், அடியில் மூழ்கும் தீனி எடுத்துக்கொண்டு திரும்பினேன். வழக்கமான மிதக்கும் தீனியை வலது மூலையில் தூவினேன். மாலி எல்லாம் அங்கே முட்டி மோதின. அந்தச் சமயம் பார்த்து இடது மூலையில் நாலு உருண்டை போட்டேன். ஒரு கோரியின் மீசை ஆடியது. மெதுவாக நகர்ந்து வந்து, உருண்டை மேல் மூக்கை வைத்தது. பின்னாலேயே இன்னொன்று.

"எழுந்துட்டானுங்க!" என்றார் சார். "காபி போடுடி!"

"அப்போ வெள்ளிக்கிழமை நான் சும்மா இருக்கணுமா?" என்றார் டீச்சர்.

"ஒரு பக்கெட் தண்ணி மட்டும் மாத்துங்க. மணல் மேல கை வைக்காதீங்க."

அஞ்சும் பிழைத்தன. ஒரு மாதம் கழித்து சார் ஷேர் ஆட்டோவில் இறங்கி, கைத்தடியோடு கடைக்குள் நடந்து வந்தார்.

"வாக்கிங் பார்ட்டியில ஒரு ஆள் குறையுது. கிளீனர் மீனு ஏதாச்சும் இருக்கா?"

"கிளீனர் மீனு இல்ல சார். சாப்பிடுற மீனுதான் இருக்கு."

அன்றிலிருந்து கோரி கேட்டு வருகிறவர் கையில் முதலில் தீனி டப்பாவைத்தான் கொடுக்கிறேன். மீன் கவர் அப்புறம்தான்.