தீனாவின் இடது கிராங்க்

மறைமலைநகரில் ஒரு கார் உதிரிபாகக் கம்பெனியில் பதினாறு வருஷம் வடிவமைப்பாளராக இருந்த ஜெயக்கொடி, வேலையை விட்டு, செம்பாக்கத்தில் வீட்டை ஒட்டித் தகரக் கொட்டகை போட்டு ஒரு மெஷினை இறக்கினாள். பந்தய சைக்கிள்களுக்குக் கிராங்க் செய்வதுதான் தொழில். பெடலை நடு அச்சோடு இணைக்கும் கை அது. கடையில் கிடைப்பதைவிட லேசாக, ஓட்டுகிறவர் காலுக்கு ஏற்ற நீளத்தில், அலுமினியக் கட்டியிலிருந்து குடைந்தெடுப்பாள்.

நாவலூரில் வேலை பார்க்கும், சைக்கிள் பந்தயங்களுக்குப் போகும் தீனாவுக்கு இடது கால் ஓர் அங்குலம் குட்டை. சிறு வயதில் முறிந்து கூடிய கால். இடது கிராங்கை மட்டும் குட்டையாகச் செய்து கொடுத்தாள். அதை மாட்டி மாமல்லபுரம் வரை போய் வந்த அன்று, "இடுப்பு வலிக்கவே இல்லக்கா" என்று நேரே கொட்டகைக்கு வந்து சொன்னான்.

மறு வருஷம் இன்னும் லேசாகக் கேட்டான். இந்த முறை கிராங்கின் உள்ளேயும் குடைந்தாள்; அந்தக் குழிவின் சுவர் மூன்று மில்லிமீட்டர் இருக்க வேண்டும் என்றது கணக்கு. இரண்டரை போதும் என்று அவளே துணிந்தாள். இருபது கிராம் குறைந்தது. அதைத் தராசில் வைத்து எடுத்த படத்தைப் பார்த்து ஊரே மெச்சியது. அதே மாதிரி இன்னும் எட்டுப் பேர் வாங்கினார்கள்.

ஐந்தாம் மாதம், கேளம்பாக்கம் சாலையில் எழுந்து நின்று மிதித்தபோது தீனா விழுந்தான். இடது இடுப்பெலும்பு முறிந்தது.

"பள்ளம்க்கா. நான்தான் பாக்கல" என்றான் ஆஸ்பத்திரிக் கட்டிலில்.

அவன் மனைவி தேவதர்ஷினி உடைந்த கிராங்க் துண்டை ஒரு துணிப்பையில் போட்டு வைத்திருந்தாள். ஜெயக்கொடி அதைக் கேட்டு வாங்கிக்கொண்டு வந்து, கொட்டகை வாசல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். உடைந்த முகத்தில் பாதி கறுத்திருந்தது, பாதி பளபளத்தது. கறுத்த பாதி பல வாரங்களுக்கு முன்பே விரிசல் விட்டது. விரிசல் தொடங்கிய இடம் அவள் மெலிதாக்கிய சுவர். பள்ளத்தின் மேல் பழி போட வழியில்லை.

வாயைத் திறக்காவிட்டால் யாருக்கும் தெரியப் போவதில்லை என்பதுதான் அவளை அதிகம் பயமுறுத்தியது.

முதலில் எட்டுப் பேருக்கும் போன் செய்து, "வண்டிய எடுக்காதீங்க" என்றாள். பிறகு வீடு வீடாகப் போய்க் கழற்றினாள். தாம்பரத்தில் மளிகைக் கடை வைத்திருந்த சக்திவேல் விடவில்லை.

"நல்லாத்தானே கீது? இன்னாத்துக்குக் கயட்டுறே?"

"தப்பு என்னோடதுண்ணா. உடைஞ்ச பிறகு சொல்லி என்ன பிரயோஜனம்?"

சக்திவேல் வண்டியைச் சாய்த்துக் கொடுத்தார். அவருடைய கிராங்கிலும் மயிரிழைபோல் ஒரு கோடு ஓடியிருந்தது.

மறுநாள் ஆஸ்பத்திரிக்குப் போய், சுவரை மெலிதாக்கியதை ஒளிக்காமல் சொன்னாள். தீனா சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான். தேவதர்ஷினிதான் கேட்டாள்: "நீங்க சொல்லலன்னா எங்களுக்குத் தெரிஞ்சே இருக்காது. ஏன் சொன்னீங்க?"

"தெரிஞ்சுக்கிட்டே எப்படிங்க மறைக்கிறது?"

"நல்லது. ஆனா இனிமே இங்க வராதீங்க."

அதன்பிறகு ஜெயக்கொடி அங்கே போகவில்லை. ஆர்டர் எதுவும் எடுக்காமல், பெடலை மிதிப்பதுபோல் கிராங்கை ஓயாமல் அழுத்தும் ஒரு சாதனத்தை மோட்டார் வைத்துச் செய்தாள். மூன்று மில்லிமீட்டர்ச் சுவரும் எட்டு லட்சம் தடவை அழுத்தியதும் பிளந்தது. அவள் நம்பியிருந்த கணக்கே தவறு. நான்கு மில்லிமீட்டர், உள்மூலைகள் வளைவாக என்று மாற்றினாள். முப்பது லட்சம் தாண்டியும் அது உடையவில்லை.

பதினோரு மாதம் கழித்துத் தேவதர்ஷினி தனியாக வந்தாள். சாதனம் தடதடவென்று ஓடிக்கொண்டிருந்தது.

"அவர் இனிமே ரேஸ் போக முடியாது. கடையில வாங்கின கிராங்க்ல மிதிச்சா இடுப்பு வலிக்குதுங்கிறார். ஸ்டேஷன் வரைக்குமாவது ஓட்டணுமாம்."

"வெயிட் கூட இருக்கும்."

"இருக்கட்டும்."

ஜெயக்கொடி ஸ்கேலையும் நோட்டையும் எடுத்துக்கொண்டு அவளோடு கிளம்பினாள். தீனாவின் காலைப் புதிதாக அளக்க வேண்டியிருந்தது. இந்த முறிவில் அது இன்னும் கொஞ்சம் குட்டையாகியிருந்தது.